மங்குஸ்தான் தீர்ப்பு

கபீர் பழக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பழத்தை மேலே இருந்து பார்ப்பார்கள். இராஜரத்தினம் மட்டும் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பாஸ்போர்ட்டில் முத்திரை பார்க்கிற இமிகிரேஷன் ஆபீசர் மாதிரி பார்ப்பார். ஒரு கூடையிலிருந்து ஒன்பது மங்குஸ்தான் பொறுக்கி எடுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நாலு பேர் வந்து, வாங்கி, வீட்டுக்குப் போய்த் தின்றே முடித்திருப்பார்கள். கேட்டால், எறும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பார். எறும்பை அவர் பார்த்ததும் இல்லை, எறும்பு அவரைப் பார்த்ததும் இல்லை.

நான் எதிரில் சாவிக்கடை வைத்திருக்கிறேன். கடை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கதவு மாதிரி ஒரு சந்து, அதற்குள் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், நான். ஒரு சாவி வெட்ட மூன்று நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் கபீர் கடைக்கு யார் வருகிறார்கள், யாரோடு வருகிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குத் தொழில். சாவி வெட்டுவது பொழுதுபோக்கு.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது அந்தப் பழக்கடை. அஹமது கபீரின் தாத்தா நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். பேரன் ஆப்பிள், ஆரஞ்சு விற்க மாட்டார். அதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பழம் என்பார். பாம்புத் தோலைப் போர்த்திக்கொண்ட சலாக், முடிவெட்டிக்கொண்டு வந்த ரம்புத்தான் மாதிரி புலாசான், கொத்துக் கொத்தாக டுக்கு, பக்கத்துக் கடைப் புடவைக்கெல்லாம் வாசனை ஏற்றிவிடும் பலா மாதிரி செம்படாக், இப்படித்தான் அவர் சரக்கு. தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்னாம் என்று அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும். பணக்கார காண்டோ வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். சலாக்கைக் கையில் பிடித்து வீடியோ எடுப்பார்கள். எடுத்துவிட்டு வாங்காமல் போவார்கள். கபீரின் மனைவி சம்சுன்னிசா கல்லாவில் உட்கார்ந்து, இந்தக் கடைப் பழத்தை வாயால் தின்றவர்களைவிட செல்போனால் தின்றவர்கள்தான் அதிகம் என்பார்.

இராஜரத்தினம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சனிக்கிழமை தவறாமல் தெம்பனிஸிலிருந்து எம்.ஆர்.டி ரயில் ஏறி வந்து காசு கொடுத்து வாங்குகிறவர். வயது அறுபத்தொன்பது. ஒரு கப்பல் கம்பெனியில் தலைமை கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அப்பா யாழ்ப்பாணம், இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மனைவி பூரணம் அக்கா மட்டும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து எண்பத்தேழில் கல்யாணமாகி வந்தவர். கோப்பாயில் மாம்பழம் உண்டு, பலாப்பழம் உண்டு, பனம்பழம் உண்டு. மங்குஸ்தான் கிடையாது. இதை நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும். இராஜரத்தினம் வைத்திருந்தார்.

மங்குஸ்தானின் காம்புப் பக்கம் பச்சைத் தொப்பி ஒன்று இருக்கும். எதிர்ப்பக்கம், அடியில், சின்னதாக ஒரு பூவை முத்திரை குத்தினது போல இருக்கும். அந்தப் பூவுக்கு எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறு இதழ் என்றால் ஆறு சுளை. ஏழு என்றால் ஏழு. இந்த ஊரில் தொடக்கப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஆறாம் வகுப்புப் பரீட்சையான பி.எஸ்.எல்.இ-யில் பெயிலான எனக்கே தெரியும்.

அந்த வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் மங்குஸ்தானைக் கேட்பது வழக்கம். கல்யாணமான புதிதில் இராஜரத்தினம் தொடங்கி வைத்தது. ஒற்றையா இரட்டையா. உடைக்கும்போது இரட்டைப்படையாகச் சுளை வந்தால் செய்யலாம், ஒற்றைப்படை வந்தால் வேண்டாம். மொய் வைப்பதென்றாலும் ஒற்றைப்படைதானே நல்லது, சீர்த்தட்டும் ஒன்பது, பதினொன்று என்றுதானே எடுக்கிறார்கள் என்று பூரணம் அக்கா ஆரம்பத்தில் கேட்டிருக்கிறார். பழத்துக்குச் சட்டம் வேறு என்று சொல்லிவிட்டாராம் மாப்பிள்ளை. பழத்தை வாங்குகிறவர் அவர். சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கிறவர் அவர். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நெரித்து உடைக்கிறவரும் அவர். பொம்பிளைகளுக்குப் பழம் பார்க்கத் தெரியாது என்று அக்காவை இந்தப் பக்கமே கூட்டி வந்ததில்லை.

அப்புறம் என்ன, தெய்வம் பேச ஆரம்பித்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு அக்கா அம்மாவிடம் போகலாமா என்று கேட்டார்கள். ஐந்து சுளை. ஈசூனில் அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள், அங்கே வீடு எடுக்கலாமா. ஏழு சுளை. தையல் வகுப்பு, ஐந்து. டிரைவிங் லைசன்ஸ், ஏழு. இராஜரத்தினத்துக்கு ஜப்பான் ஸ்டீரியோ செட் வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டார்கள். அன்றைக்கு எட்டு சுளை வந்தது. தெய்வத்துக்கும் பாட்டு கேட்க ஆசை போல.

மங்குஸ்தான் கிடைக்காத மாதங்களில் அந்த வீட்டில் தீர்ப்பு ஒத்திவைக்கப்படும். ஒரு டிசம்பரில் அக்காவின் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கொழும்பு போவதா இல்லையா என்று வந்தது. பழம் இல்லை. கபீர் கடைக்குச் சரக்கு வந்து இறங்குவதற்குள் அங்கே கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பே முடிந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவரே சொன்னதுதான். சாமர்த்தியம் செய்கிறவனுக்கு அதைச் சொல்லிக்கொள்ள நாலு பேர் வேண்டும். ஒவ்வொரு தீர்ப்பு முடிந்த பிறகும் கபீரிடம் வந்து சொல்லிச் சிரிப்பார். கபீர் பழத்தைத் துடைத்தபடி தலையாட்டுவார். நான் சாவியைத் துடைத்தபடி தலையாட்டுவேன். ஆக இந்தத் தெருவுக்கே தெரியும், பூரணம் அக்காவுக்கு மட்டும் தெரியாது.

போன ஜூலையில் ஒரு வழக்கு வந்தது.

தெம்பனிஸில் அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையம். அதை நடத்துகிற மேனுகா என்ற பெண் பூரணம் அக்காவை லிஃப்டில் பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளைக்கு அக்கா தமிழில் ஏதோ கதை சொல்லி, ஒன்பதாம் மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் சிரிக்கவைத்துவிட்டாராம். உதவியாளராக வருகிறீர்களா, பிள்ளைகளோடு தமிழ் பேச ஆள் வேண்டும் என்று கேட்டாள். அக்கா மூன்று நாள் சும்மா போய் இருந்து பார்த்தார். சட்டைக் கையில் பசையும் பெயிண்டுமாக வீட்டுக்கு வந்தார். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக, எனக்கு இது வேண்டும் என்று சொன்னார்.

இராஜரத்தினம் கபீரிடம் வந்து இதை ஒரு மரண அறிவித்தல் மாதிரி சொன்னார். இராஜரத்தினத்தின் பென்ஷன் போதவில்லையா என்று நாலு பேர் கேட்பார்களாம். இந்த வயதில் பிறத்தியார் பிள்ளைக்கு மூக்குத் துடைக்க வேண்டுமா. அப்புறம் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். பன்னிரண்டரைக்குச் சோறு யார் போடுவது. மகள் ஆரபி பெர்த்தில் இருக்கிறாள். அங்கேயிருந்து அவள் போட முடியாது. அதனால் மங்குஸ்தானைக் கேட்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவேன் என்று மேனுகா சொல்லியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தெருமுனை எம்.ஆர்.டி எஸ்கலேட்டரில் இரண்டு தலை ஏறி வந்தது. முப்பத்தேழு வருஷத்தில் முதல் முறையாகப் பூரணம் அக்கா கூட வந்திருந்தார். இராஜரத்தினத்தின் முகம் பழுக்காத சப்போட்டா மாதிரி இருந்தது. எனக்கு அன்றைக்கு வெட்ட வேண்டிய சாவி ஆறு இருந்தது. ஆறையும் அப்படியே வைத்துவிட்டு, டுக்கு வாங்குகிற பாவனையில் கபீர் கடைக்குள் போய் நின்றுகொண்டேன்.

கபீர் அக்காவுக்கு ஸ்டூல் போட்டார். அக்கா உட்காரவில்லை. ஒவ்வொரு பழமாகப் பார்த்து, இதென்ன, அதென்ன என்று கேட்டுக்கொண்டே போனார். சலாக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். சம்சுன்னிசா ஒன்றை உரித்துக் கொடுத்தார். அக்கா கடித்துவிட்டு, இத்தனை வருஷம் இதெல்லாம் ஒரு எம்.ஆர்.டி தூரத்தில்தான் இருந்ததா என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் மங்குஸ்தான் கூடைக்குள் தலையை விட்டு எறும்பு தேடிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் தேடி ஒரு பழத்தை எடுத்தார். கண்டிப்பாக ஏழு. எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்பலாம் என்றார். அக்கா போனை எடுத்து நேரம் பார்த்தார். பதினொன்றரை தாண்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, வீட்ட போகப் பன்ரெண்டு தாண்டிப் போகும். இஞ்சயே உடையுங்கோ."

"கடையிலயா? வீட்டுக்குப் போய் சாமி முன்னால உடைக்கலாம் லா."

"காளியம்மன் கோயில் மணி இஞ்ச வரைக்கும் கேக்குது. அவவுக்கு இது தெரியாமலா போகும்."

இராஜரத்தினம் பழத்தை உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நெரித்தார். தோல் பிளந்தது. மேல் பாதியைத் தொப்பி மாதிரி தூக்கினார். நாங்கள் நாலு பேரும் குனிந்தோம். ஆபரேஷன் தியேட்டரில்கூட அவ்வளவு பேர் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று ஆறு சுளை. ஆறாவதுக்கும் முதலாவதுக்கும் நடுவில் நூல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. பல்லிடுக்கில் மாட்டினால்கூட மாட்டியது தெரியாது.

நடுநிலையாக எண்ணச் சொல்லி அக்கா சம்சுன்னிசாவைக் கேட்டார். சம்சுன்னிசா முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துத் தொட்டுத் தொட்டு எண்ணி, ஆறு என்றார். இரட்டை. அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் பொய் சொல்லக்கூடாது, அதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"ஏழு," என்றார் இராஜரத்தினம். "அந்த நூலையும் எண்ணணும்."

"அண்ணே, அது சுளை இல்லண்ணே," என்றார் சம்சுன்னிசா. "சுளையாகணும்னு ஆசப்பட்டு பாதியில விட்டுப்போனது."

என் வாய் சும்மா இருக்குமா. "இத சுளைனு சேத்தா, என்னையும் பி.எஸ்.எல்.இ பாஸ்னு சேக்கணும்," என்றேன்.

கபீர் நல்ல வியாபாரி. வாடிக்கையாளர் முகம் சிவப்பதைப் பார்த்ததும், பழம் சரியில்லை, வேறு தருகிறேன் என்று கூடைக்குப் போனார். அத்தோடு விட்டிருந்தால் இராஜரத்தினம் பிழைத்திருப்பார். வேறு ஏழு ஒன்றை எடுத்து உடைத்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் கப்பல் கம்பெனியில் மற்றவர்கள் எண்ணினதில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவர். எண்ணிக்கையில் அவர் தோற்றதே இல்லை. பழக்கடைக்காரர் பெண்சாதியிடமும் சாவிக்காரனிடமும் தோற்பாரா.

"பழம் சரியாத்தான் இருக்கு கபீர். ஏழுதான்." தோலின் அடிப்பக்கத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். "அடியில எண்ணிப் பாருங்க, ஏழு இதழ். அடியில எத்தனையோ உள்ள அத்தனை. இது ரூல் லா. முப்பத்தேழு வருஷத்துல ஒரு தடவகூட மாறினதில்ல. நான் பாக்காததா?"

கபீர் திரும்பிக்கொண்டு சலாக்கை அடுக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது. சம்சுன்னிசா கல்லாவுக்குள் எதையோ தேடினார். நான் கையில் இருந்த டுக்கைத் தின்றுவிட்டேன், காசு கொடுக்காமல்.

பூரணம் அக்கா அந்தத் தோலை அவர் கையிலிருந்து வாங்கினார். இதழை ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணினார். பிறகு கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சம்சுன்னிசாவிடம் கொடுத்து வெட்டச் சொன்னார். ஐந்து இதழ், ஐந்து சுளை. இன்னொன்று. எட்டு இதழ், எட்டு சுளை. மூன்றாவதை வெட்டச் சொல்லவில்லை.

"அம்மாட்டப் போறதுக்குக் கேட்டமே, அது?"

இராஜரத்தினம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

"தையல் வகுப்பு?"

"பூரணம், அதெல்லாம் அப்ப..."

"ஸ்டீரியோ செட்டுக்கும் பாத்துத்தான் எடுத்தனீங்களோ?"

மூன்று கேள்வியிலும் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிற பெண்சாதிக்குக் கடையில் வைத்துப் பதில் சொல்ல முடியாது என்று நடந்திருக்கலாம். அப்படியெல்லாம் ஒரு வசதியும் அவருக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் சம்சுன்னிசாவைப் பார்த்து, லிஃப்டில் நடந்தது, பெயிண்ட் ஒட்டினது, அறுபத்திரண்டு வயதில் வாய் திறந்து கேட்டது எல்லாவற்றையும் யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னார். புருஷன் பக்கத்தில் நிற்கிறார் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை.

இராஜரத்தினத்துக்கு அங்கேயே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மங்குஸ்தானை விளையாட்டுக்குத்தான் கேட்டது, பூரணம் உண்மையென்று எடுத்துக்கொண்டால் தான் என்ன செய்வது என்று பொதுவாக எங்களைப் பார்த்துச் சொன்னார். கபீர் இந்தத் தடவை தலையாட்டவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு அவர் தலையாட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது அக்கா எழுந்தார். கூடைக்கு முன்னால் போய் நின்றார். அவருக்கு முக்கால் மணி நேரமெல்லாம் ஆகவில்லை. நாலாவது பழத்திலேயே கிடைத்துவிட்டது. கவிழ்த்து எங்களுக்கும் காட்டினார். ஆறு இதழ். அதைக் கொண்டுபோய்ப் புருஷன் உள்ளங்கையில் வைத்தார்.

"உடையுங்கோ."

"ஆறுனுதான் தெரியுதே. எதுக்கு உடைக்கணும்?"

"தெரிஞ்சுகொண்டுதானே இவ்வளவு காலமும் உடைச்சனீங்க. இதையும் உடையுங்கோ."

இராஜரத்தினம் கபீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அவருக்கு வேண்டிய உதவி எதுவும் இல்லை. இரண்டு கையையும் சேர்த்து நெரித்தார். முதல் தடவை உடையவில்லை. இரண்டாவது தடவை பிளந்தது. அக்கா தோலை விலக்கி வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும். நூலும் இல்லை, நாரும் இல்லை.

போன் அடித்தது. அக்கா உடனே எடுக்கவில்லை. நின்றபடியே ஒவ்வொரு சுளையாக ஆறையும் தின்றார். எங்களுக்கும் ஒன்று தரவில்லை, புருஷனுக்கும் தரவில்லை. கொட்டையை நாசூக்காகக் காகிதத்தில் துப்பினார். விரலைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"ஓம் மேனுகா. திங்கக்கிழமை வாறன். ஏழு மணிக்கே வந்திடுவன்."

அக்கா கொஞ்சம் சலாக்கும் ஒரு கொத்து ரம்புத்தானும் தனக்கென்று வாங்கிக்கொண்டு, தானே காசு கொடுத்துவிட்டு, எம்.ஆர்.டி பக்கம் நடந்தார். இராஜரத்தினம் பத்தடி பின்னால் போனார். வரும்போது அவர் முன்னால் வந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதற்கே எங்கள் தெருவில் மூன்று வாரம் பேசிக்கொண்டோம். அதில் இரண்டு வாரம் நான் பேசினது.

இப்போது மாதம் நாலு ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு மாதம் இராஜரத்தினம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வேறு கடையில் பழம் வாங்குகிறார் என்றும், பழமே தின்பதில்லை என்றும் இரண்டு விதமாகச் செய்தி வந்தது. இரண்டையும் கிளப்பிவிட்டது நான்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாக வந்தார்கள். நிலையத்துப் பிள்ளைகளுக்குப் பழம் காட்ட வேண்டும் என்று அக்கா கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முள் வைத்த பழம், முடி வைத்த பழம், செதில் வைத்த பழம் என்று வகைக்கு ஒன்று எடுத்தார். கபீரும் சம்சுன்னிசாவும் அவர் பின்னாலேயே போய் விளக்கம் சொன்னார்கள். இராஜரத்தினம் வாசலில் நின்று, என்னையும் பக்கத்துப் புடவைக்கடைக்காரரையும் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"வீட்லயே சும்மா உக்காந்திருந்தா மூளை துருப்பிடிச்சிடும் லா. அதான் நான் சொன்னேன், போ பூரணம், நாலு பிள்ளைங்களோட இருந்துட்டு வானு. நான்தான் அனுப்பி வெச்சேன். நம்ம ஆளுங்க பெண்சாதிய வெளிய விடமாட்டாங்க. நான் அப்படி இல்ல."

புடவைக்கடைக்காரர் தெருவுக்குப் புதிது. பெரிய மனசு சார் உங்களுக்கு என்று கைகொடுத்தார். நானும் கைகொடுத்தேன். இந்த மாதிரி ஒரு வாயோடு கைகுலுக்கும் பாக்கியம் தினமுமா கிடைக்கும்.

அக்கா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ரம்புத்தான் பையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து கிலோ செம்படாக்கைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் அவருக்கு முன்னால் நடந்தார்.